யாரும் கைதட்டாதீர்கள்

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்திருந்த இதய டாக்டருக்கு உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. ரத்தக்குழாய்க்குள் கம்பியை நுழைக்கும்போது இம்மியும் நடுங்காத கை அது. ஆனால் கூட்டத்தின் முன்னால் நின்று பேச வேண்டும் என்றால் மட்டும் தொண்டை அடைத்துவிடும். கொண்டுவந்திருந்த குறிப்புகளை எடுத்துப் பார்ப்பதும் மறுபடி பைக்குள் திணிப்பதுமாக இருந்தாள்.

மருத்துவத் தொழில்நுட்ப மாநாட்டின் முதல் நாள். அன்று இரண்டே முக்கியப் பேச்சுகள். முதலில் பேசப் போகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. அடுத்து அவள். நெஞ்சில் ஒட்டிக்கொள்கிற ஒரு பட்டையைத் தம்பியின் கம்பெனி செய்து விற்கிறது. பகலும் இரவும் இதயத் துடிப்பைப் பார்த்து, எல்லாம் சரி என்றால் கைபேசியில் பச்சை வட்டம் காட்டும். கோளாறு என்றால் சிவப்பு. இயந்திரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றி அவன் ஒரு விதமாகப் பேசுவான், அவள் வேறு விதமாகப் பேசுவாள். "அக்காவும் தம்பியும் ஒரே மேடையில்" என்று வாசலில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

"நான் கட்டினதை எல்லாம் இடிக்கறதுக்குன்னே உன்னைக் கூப்பிட்டிருக்காங்க," என்று காலையில் கண்ணாடி முன்னால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னான் தம்பி. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

"என்னடா இப்படி இருமற?"

"நாலஞ்சு நாளா இப்படித்தான். பக்கத்து கிளினிக்ல ஏதோ ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, போட்டுட்டிருக்கேன். நீ ஒண்ணும் ஆரம்பிக்காத."

அவள் ஆரம்பிக்கவில்லை. அவளுடைய பயமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது அவன் மேடையில் இருந்தான். அறைச் சுவரில் மாட்டியிருந்த டிவியில் எல்லாம் தெரிந்தது. அரங்கு நிறைந்த கூட்டம். முதல் வரிசையில் தம்பி மனைவி, அவள் பக்கத்தில் அவர்கள் பெண். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. நாற்காலியில் ஒழுங்காக உட்காராமல், முட்டி போட்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி சட்டையின் மேல் இரண்டு பட்டன்களைக் கழற்றி, ஒரு பட்டையை எடுத்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டான். "இப்ப நீங்க பார்க்கப் போறது என் இதயம். பொய் சொல்லத் தெரியாத ஒரே பாகம்," என்றான். கூட்டம் சிரித்தது. அவனுக்குப் பின்னால் சுவர் அளவுக்கு இருந்த திரையில் அவன் இதயத்தின் கோடு ஓட ஆரம்பித்தது. மூலையில் ஒரு பெரிய பச்சை வட்டம். கைதட்டல்.

டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தாள், கவனிக்கவில்லை. அடுத்து தான் பேச வேண்டிய முதல் வாக்கியம் எது என்பதிலேயே மனசு இருந்தது.

"எனக்குப் பத்து வயசு," என்றான் தம்பி. குரல் தாழ்ந்தது. "மத்தியானம். அப்பா சோபால தூங்கிட்டிருந்தார். தலைமாட்டுல இருந்த ஃபோன் திடீர்னு அடிச்சுது. பழைய ஃபோன், அடிச்சா வீடே அதிரும். அப்பா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். அப்படியே சரிஞ்சு விழுந்துட்டார். இன்னிக்கு எனக்கு இருக்கற வயசைக்கூட அவர் தொடல."

அவளுக்கும் தெரிந்த கதைதான். வீட்டில் பேசிப் பேசித் தேய்ந்த கதை. மாரடைப்பு என்று சொன்னார்கள், அதோடு முடிந்தது. ஆனால் இன்றைக்கு அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டிருந்தபோது கண் திரையில் இருந்தது. ஃபோன் அடித்தது, திடுக்கிட்டார், விழுந்தார். திரையில் கோடு ஓடியது.

அவள் எழுந்து டிவியின் கிட்டே போனாள்.

ஒவ்வொரு துடிப்புக்கும் கோட்டில் முதலில் ஒரு கூரான முள் எழும்பும். அதற்குப் பின்னால் சின்ன மேடு ஒன்று வரும். துடித்து முடித்த இதயம் அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார் செய்துகொள்கிற இடம் அது. அந்த மேடு முள்ளுக்குப் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும். தம்பியின் கோட்டில் அது தள்ளிப் போயிருந்தது. அடுத்த முள்ளின் காலடிவரை போய், சோர்ந்துபோனதுபோல் தட்டையாகக் கிடந்தது.

"இல்ல," என்றாள் வாய்விட்டு. "இல்ல, இல்ல."

பிறவியிலேயே வருகிற கோளாறு. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். சிலருக்கு வருஷக்கணக்காக ஒளிந்துகொண்டிருக்கும். தம்பிக்கு முன்பு ஒரு தடவை அவளே இ.சி.ஜி. எடுத்துப் பார்த்திருக்கிறாள், ஒன்றுமே தெரியவில்லை. முள்ளுக்கும் மேட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைச் சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இன்னும் இழுத்துவிடும். அப்படி இழுத்திருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்டால் போதும். ஒரு துடிப்பு தப்பான இடத்தில் விழும். அதற்கப்புறம் இதயம் துடிக்காது, முறுக்கிக்கொண்டு வெறுமனே நடுங்கும்.

பட்டைக்கு முள்ளை எண்ணத்தான் தெரியும். முட்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அதனால் வட்டம் பச்சையாகவே இருந்தது.

அப்போதுதான் அவளுக்குக் காலையில் நடந்த ஒத்திகை ஞாபகம் வந்தது. தம்பியின் பேச்சு எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். கடைசிப் படம் வரும்போது, ஆபத்து நேரத்தில் பட்டை எழுப்புகிற எச்சரிக்கை ஒலியை அரங்கு முழுக்க அலற விடுவார்கள். ஒத்திகையில் தம்பிக்குப் பதிலாக வேறு ஒருவர் நின்றார். அந்தச் சத்தத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள்.

கதவுக்கு வெளியே காதுக்கருவி மாட்டிய மேடைப் பொறுப்பாளர் நின்றிருந்தாள்.

"அந்த அலாரம் சத்தம் வேண்டாம். நிறுத்தச் சொல்லுங்க."

"மேடம், அது சார் கையில இருக்கற ரிமோட்ல வரும். கடைசிப் படத்துக்குப் போனா தானா அடிக்கும்."

"அப்ப ஸ்பீக்கரை நிறுத்துங்க."

பொறுப்பாளர் காதுக்கருவியில் யாரிடமோ பேசினாள். பிறகு முடியாது என்பதுபோல் தலையசைத்தாள். "ஸ்பீக்கரை நிறுத்தினா மைக்கும் போயிடுமாம். சார் சொல்லாம செய்ய மாட்டேங்கறாங்க. என்ன ஆச்சு மேடம்?"

டாக்டர் திறந்திருந்த கதவு வழியாக டிவியைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவேளை தான் தப்பாகப் பார்த்திருந்தால்? ஒற்றைக் கோடு, அதுவும் டிவித் திரையில். தம்பியின் வாழ்நாளின் பெரிய நாள் இது. கூட்டத்தின் நடுவில் போய் நிறுத்தி, அப்புறம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால், தம்பி மேலே வருவது பொறுக்காமல் அக்கா செய்த வேலை என்று ஊரே பேசும். தம்பியே அப்படி நினைப்பான். அந்த நினைப்பில் அவள் கால் அங்கேயே நின்றது. டிவியில் மேடு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

"நெஞ்சுக்கு ஷாக் குடுக்கற மெஷின் இங்க எங்க இருக்கு?"

"பக்கத்துக் கண்காட்சி ஹால்ல வரிசையா வெச்சிருக்காங்க மேடம்."

"ஒண்ணை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இப்பவே. ஆம்புலன்ஸுக்கும் சொல்லுங்க. ஆனா யாரும் மேடைக்கு ஓடி வரக்கூடாது, கத்தக்கூடாது."

சொல்லிவிட்டுத் திரைச்சீலையை விலக்கி மேடைக்குள் நுழைந்தாள்.

வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. ஓட வேண்டும்போல் இருந்தது, ஆனால் ஓடக்கூடாது. அவனைத் திடுக்கிட வைத்தால் அதுவே போதும். தூங்குகிற குழந்தையின் அறைக்குள் போவதுபோல், அவன் கண்ணில் படுகிற பக்கமாகச் சுற்றி, சிரித்த முகத்தோடு நடந்தாள். அந்தச் சிரிப்பை முகத்தில் பிடித்துவைப்பதற்குள் தாடை வலித்தது.

"அக்கா?" தம்பி பேச்சை நிறுத்தினான். "இன்னும் என் நேரம் முடியலயே. பார்த்தீங்களா, சின்ன வயசுலயும் இப்படித்தான், என் தட்டுல இருந்து எடுப்பா."

கூட்டம் சிரித்தது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினாள். "தயவுசெஞ்சு யாரும் கைதட்டாதீங்க," என்றாள். குரல் நடுங்கவில்லை. தொண்டை அடைக்கவில்லை. "கொஞ்ச நேரம் எல்லாரும் சத்தம் போடாம இருங்க. நான் டாக்டர். காரணம் இருக்கு."

சிரிப்பு பாதியில் நின்றது. முதல் வரிசையில் தம்பி மனைவியின் முகம் மாறியது.

டாக்டர் தம்பியின் தோளில் மெதுவாகக் கைவைத்தாள். மைக்கில் விழாதபடி சொன்னாள்: "உட்காரு. தரையிலேயே உட்காரு. அந்த ரிமோட்டை என்கிட்ட குடு."

"என்னக்கா பண்ற?" அவனும் உதடு அசையாமல் கேட்டான். முகம் சிவந்திருந்தது. "எல்லாரும் பார்க்கறாங்க."

"உன் கோடு சரியில்ல. அப்பாவுக்கு இருந்தது உனக்கும் இருக்கு. சத்தம் கேட்டா ஆபத்து. குடுடா."

அவன் திரும்பித் திரையைப் பார்த்தான். "பச்சை காட்டுதே!"

"அதுக்கு இது தெரியாது."

அவன் முகத்தில் முதலில் தெரிந்தது பயம் இல்லை, அவமானம். தான் செய்த பொருளை, தன் மேடையில், தன் அக்காவே பொய் என்கிறாள். "ஒரு நிமிஷம். முடிச்சிட்டு உன்கூட வர்றேன்," என்றான். அவள் கை ரிமோட்டை நோக்கி நீண்டது. அவன் கையைப் பின்னால் இழுத்தான். அழுத்தினானா, இழுத்த வேகத்தில் தானாக அழுந்தியதா என்று பின்னாளில் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

அலாரம் அலறியது.

அரங்கத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. தம்பி ஒரு தடவை உதறினான். திரையில் ஒரு முள், தள்ளிக் கிடந்த அந்த மேட்டின் மேலேயே போய் விழுந்தது. அதற்கப்புறம் முள்ளும் இல்லை, மேடும் இல்லை. கோடு பெருத்தும் சிறுத்தும், பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு ஓடியது. அப்போதுதான் பச்சை வட்டம் சிவப்பாக மாறியது.

அவன் விழும்போது அவள் அவன் தலையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

கூட்டத்தில் சிலர் இதுவும் பேச்சின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். தம்பி மனைவியின் அலறலைக் கேட்ட பிறகுதான் எல்லோரும் எழுந்தார்கள். டாக்டர் மண்டியிட்டு, இரண்டு கையையும் கோத்துத் தம்பியின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். விலா எலும்பு ஒன்று முறிவதைக் கையில் உணர்ந்தாள். நிறுத்தவில்லை. இதே கையால் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். ஆனால் அவர்களில் யாருடைய நெற்றியிலும் ஊஞ்சலிலிருந்து விழுந்த பழைய தழும்பு இருந்ததில்லை.

ஒருவர் ஓடி வந்து ஆரஞ்சு நிறப் பெட்டியை அவள் பக்கத்தில் வைத்தார். அவள் ஒரு கையால் அதைத் திறந்தாள். பெட்டி காற்றுபோல் லேசாக இருந்தது. உள்ளே வெறும் பஞ்சும் ஒரு விளம்பரத் தாளும்.

"இது... காட்சிக்கு வெச்சது போலிருக்கு," என்றார் கொண்டுவந்தவர். அவர் உதடு வெளுத்திருந்தது.

"நிஜமானது எங்க?" அழுத்திக்கொண்டே கத்தினாள். "இத்தனை மெஷினுக்கு நடுவுல ஒண்ணுகூடவா நிஜம் இல்ல?"

கண்காட்சி ஹாலில் இருந்த பெட்டிகள் எல்லாமே அப்படித்தான். மேடைப் பொறுப்பாளர்தான் நினைவுவந்து ஓடினாள். கட்டடத்தின் நுழைவாயிலில், செருப்புத் துடைக்கிற மிதியடிக்கு மேலே, சுவரில் கண்ணாடிக் கதவுக்குள் ஒன்று மாட்டியிருந்தது. தினமும் அதைக் கடந்துதான் வேலைக்கு வருகிறாள். அவள் அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் டாக்டரின் கைகள் மரத்துப்போயிருந்தன. பெரிய திரையில் கோடு சிறுத்துக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று அவள் தலையைக் குனிந்தே வைத்திருந்தாள். ஆனால் வாலு பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கப் பார்த்தாள். யாருக்கும் அவள் கண்ணை மூடத் தோன்றவில்லை.

அதிலிருந்த இரண்டு ஒட்டுகளையும் அவன் நெஞ்சில் போட்டு, எல்லோரையும் விலகச் சொல்லி, டாக்டர் பொத்தானை அழுத்தினாள். தம்பியின் உடம்பு ஒரு தடவை எம்பி விழுந்தது. திரையில் கோடு நேராக ஓடியது. நேராகவே ஓடியது. பிறகு ஒரு முள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

யாரும் கைதட்டவில்லை. அரங்கில் சிலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

*

மறுநாள் ஆஸ்பத்திரியில் தம்பி தெளிவாகப் பேச ஆரம்பித்தான். அந்த அறையில் கைபேசிகளை அணைத்துவைத்திருந்தார்கள். விலா எலும்பு வலியில் மூச்சைப் பாதி பாதியாக விட்டான்.

"நான் விழற வரைக்கும் பச்சைதானே காட்டுச்சு?" என்பதுதான் அவன் முதலில் கேட்டது.

"ஆமா."

மேடையில் அவன் முகத்தில் வராத பயம் இப்போது வந்தது. "எவ்வளவு பேர் அதை ஒட்டிக்கிட்டுத் தூங்கறாங்க தெரியுமா? நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு சொல்றவங்க, பச்சையைப் பார்த்துட்டு டாக்டர்கிட்ட போகாம இருந்திருப்பாங்க. நான்தான் அப்படிச் சொல்லிச் சொல்லி வித்தேன். பச்சைன்னா நிம்மதின்னு."

அவள் சமாதானம் சொல்லவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் கம்பெனியின் கூட்டாளி பார்க்க வந்தார். இப்போதைக்கு எதுவும் வெளியே சொல்ல வேண்டாம், உடம்பு தேறட்டும், நிதானமாக யோசிக்கலாம் என்றார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு மனைவியைப் பார்த்து, "நான் சொல்றதை எழுதிக்கோ," என்றான். பட்டை போட்டிருக்கும் எல்லோருக்கும் அன்றே செய்தி போனது: பச்சை வட்டம் இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை, உடம்பில் ஏதாவது தொந்தரவு தெரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், எதைச் சரிசெய்ய வேண்டுமோ அதைச் சரிசெய்யும்வரை விற்பனையை நிறுத்துகிறோம். கூட்டாளி கதவை அறைந்து சாத்தப் போனவர், டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

அன்றைக்குச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருந்தது. அதை டாக்டர் காலையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் தம்பி மனைவிதான் வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணி, இவளுக்கும் எடுத்துடுங்க. நேத்து ராத்திரி பூரா இவ மூச்சு விடறாளான்னு பார்த்துட்டே உட்கார்ந்திருந்தேன்."

வாலு கட்டிலில் படுத்தாள். ஒட்டுகள் சில்லென்று இருந்ததில் நெளிந்தாள். "அத்தை, சிரிச்சா கோடு கோணலா வருமா?"

"வரும். அதனால சிரிக்காம படு."

தாள் மெதுவாக வெளியே வந்தது. டாக்டர் அதை இரண்டு கையாலும் பிடித்தாள். முள், மேடு, முள், மேடு. அளந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் அளந்தாள். இன்னொரு தடவையும் அளந்தாள். தம்பி மனைவி தாளைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடுங்க."

"இவளுக்கும் இருக்கு."

தம்பி மனைவி சுவரில் சாய்ந்தாள். அழவில்லை. "நான் பயப்படணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

"பயம் வரத்தான் செய்யும். எனக்கும் இருக்கு. ஆனா இதுக்கு மாத்திரை இருக்கு, இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். எந்த மருந்து ஆகாதுன்னு தெரியும். எது கூடாதுன்னு தெரியும். பார்த்துக்கிட்டா நல்லாவே இருப்பா. எங்க அப்பாவுக்கு இது இருக்குன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல."

வாலு எழுந்து உட்கார்ந்து ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து அம்மாவின் கையில் ஒட்டினாள். "அப்பா மாதிரி நானும் விழுவேனா?" என்று கேட்டாள்.

டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விழாம இருக்கத்தான் மாத்திரை. தினமும் மறக்காம போடணும். மறந்தா அத்தைக்குக் கெட்ட கோபம் வரும்."

"கசக்குமா?"

"கொஞ்சம்."

தம்பி மனைவி கையிலிருந்த ஒட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்களும் படுங்க அண்ணி."

டாக்டருக்குத் திக்கென்றது. அவளும் அதே அப்பாவின் பெண்தான். அந்த நினைப்பை நேற்றிலிருந்து கிட்டே வரவிடாமல் துரத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள், வாலு கட்டிலிலிருந்து குதித்து இடம் விட்டாள். டாக்டர் படுத்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை அந்தக் கட்டிலில் படுக்கச் சொல்லியிருக்கிறாள். அங்கே படுத்தால் கூரை அவ்வளவு கிட்டே தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் கோடு சுத்தமாக இருந்தது.

சந்தோஷப்பட முடியவில்லை. இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு தம்பியின் அறைக்குப் போனாள். வாசலில் நின்று, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். எப்படிச் சொன்னாலும் அது ஒரே சேதிதான். கதவை மெல்லத் தள்ளினாள்.

அவன் விழித்துத்தான் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டான். "வாலுவுக்கும் இருக்கா?"

"இருக்கு."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். கண்ணோரம் வழிந்து தலையணை நனைந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டான். "உனக்கு?"

"இல்லடா."

"அப்பாடா," என்றான். பெருமூச்சு விடப் போய், விலா எலும்பு வலித்து முகத்தைச் சுளித்தான். "எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்ல."

வலியோடு கொஞ்சம் நகர்ந்து, கட்டிலில் அவளுக்கு இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள்.